இணையத்தளமும் கடன் கணக்கும் ஒரே கூரையின் கீழ் வேண்டாம்

2018ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு எமது கடையில் பில் போட முடியாமல் போனது. கணனியைத் திறந்தால் வெள்ளைப் பக்கம் ஒன்று. இந்தக் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். உள்ளே ஐந்தாறு பேர் சாமானைத் தெரிந்து குவித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். வெளியே நாட்டாமிமார் வண்டியோடு நிற்கிறார்கள். "நானா, பில்லு இன்டைக்கித் தாறீங்களா, பெருநாள் முடிஞ்சா?" என்று அக்குறணையிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் சிரித்தபடி கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் குறுக்குத் தெருவில் ஃபென்சி சாமான், பிளாஸ்டிக் பொருட்கள், சிறுவர் விளையாட்டுப் பொருட்கள் என மொத்த வியாபாரம் செய்கிறோம். புறக்கோட்டை வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை இந்தப் பத்தியை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி ரொக்கம், பாதி கடன். கடனில் பாதி பின்திகதியிட்ட காசோலை, மீதி வாய்ப்பேச்சு. வாப்பாவின் காலத்தில் அந்த வாய்ப்பேச்சு முழுவதும் சிவப்புத் துணி ஒட்டிய நீளக் கொப்பியில் இருந்தது. இரவில் அந்தக் கொப்பி இரும்புப் பெட்டிக்குள் போகும், திறப்பு வாப்பாவின் இடுப்பில் இருக்கும். நான் பொறுப்பெடுத்த பின் கொப்பியை விட்டுக் கணனிக்கு மாறினோம். அதுவரை சரி. தவறு அடுத்த படியில் நடந்தது.

2016இல் கடைக்கு ஓர் இணையத்தளம் செய்தோம். வருடச் சந்தா கட்டி ஒரு கம்பனியின் சேர்வரில் இடம் எடுத்தோம். செய்து தந்த தம்பி கெட்டிக்காரர். அவர் ஒரு யோசனை சொன்னார்: "நானா, எடுத்த இடத்தில பெரும்பகுதி சும்மாதான் கிடக்கு. பில் சிஸ்டத்தையும் அதுலயே போட்டா கடையிலயும் பார்க்கலாம், வீட்டிலயும் பார்க்கலாம், வேற செலவு இல்ல." வேறு செலவில்லை என்ற சொல்லைக் கேட்டால் புறக்கோட்டையில் யாருக்குத்தான் காது குளிராது? நானும் தலையாட்டினேன். அந்தத் தம்பியை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். மலிவாக முடித்துத் தா என்று நெருக்கியவன் நான்.

நடந்தது இதுதான். எமது இணையத்தளத்தில் சாமான்களின் படங்களைக் காட்டுவதற்கு ஒரு சிறு மென்பொருள் துண்டு இருந்தது. அதைப் போட்ட நாளிலிருந்து ஒருவரும் புதுப்பிக்கவில்லை. அதிலிருந்த ஓட்டை வழியாக எவனோ உள்ளே நுழைந்து, சூதாட்ட விளம்பரப் பக்கங்களை ஏற்றி, எமது பெயரில் ஆயிரக்கணக்கில் குப்பை மின்னஞ்சல்களையும் அனுப்பியிருக்கிறான். சேர்வர் கம்பனி அதைக் கண்டவுடன் எமது கணக்கை முடக்கியது. அவர்கள் பக்கத்தில் அது நியாயம்தான், மற்ற வாடிக்கையாளர்களை அவர்கள் காப்பாற்ற வேண்டும். ஆனால் இணையத்தளம் முடங்கியபோது அதே கணக்கில் குடியிருந்த பில் சிஸ்டமும், 330 வாடிக்கையாளர்களின் கடன் நிலுவையும் சேர்ந்து முடங்கின.

நான்கு நாட்களின் பின் கணக்கைத் திறந்து தந்தார்கள். தரவுகள் சிதைந்திருந்ததால் பழைய பிரதி ஒன்றிலிருந்து மீட்க வேண்டியிருந்தது. அந்தப் பிரதி, முடங்கிய நாளுக்குப் பதினொரு நாள் முந்தியது. சீசனின் உச்சத்தில் பதினொரு நாள் பில்லும் ரசீதும் இல்லை.

கைப்பில் எழுதுவதை நாங்கள் முன்பே நிறுத்தியிருந்தோம். லொறிக்காரர்களின் பார்சல் துண்டுகளையும், ஒரு நாட்டாமியின் சட்டைப்பையில் இருந்த சின்னக் கொப்பியையும், கடைப் பையன்களின் ஞாபகத்தையும் வைத்துக் கணக்கைத் திரும்பக் கட்டினோம். அன்று சிரித்த அந்த அக்குறணைக்காரர் தொலைபேசி எடுத்து, எமது பில்களை அவரது பிரதியிலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துத் தந்தார். தொகை எமது கணக்கில் இல்லை என்று தெரிந்தும் தந்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். பணத்தில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது.

வராமல் போனது வேறொன்று. கல்முனையில் எமக்குப் பதினெட்டு வருட வாடிக்கையாளர் ஒருவர். அந்தப் பதினொரு நாளுக்குள் அவர் கொழும்புக்கு வந்து நிலுவையைத் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறார். மீட்ட கணக்கில் நிலுவை அப்படியே நின்றது. நான் தொலைபேசி எடுத்து, கொடுத்த காசை மீண்டும் கேட்டேன். அவர் ரசீதைப் படம் பிடித்து அனுப்பினார், வேறொன்றும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன், ஏற்றுக்கொண்டார். அதன் பின் எங்களிடம் ரொக்கத்துக்கு மட்டுமே வாங்குகிறார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்குர்ஆனின் 2:282ஆம் வசனம் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எழுதியதை எங்கே வைப்பது என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பகிரப்பட்ட சேர்வர் என்றால் என்ன?

புறக்கோட்டையில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியையும் பலகை போட்டுப் பிரித்து முப்பது, நாற்பது சின்னக் கடைகள். எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே மின்சார அறை, ஒரே காவலாளி, வீதியில் ஒரே இலக்கம். வாடகை மலிவு. ஷெயார்ட் ஹோஸ்டிங் எனப்படும் பகிரப்பட்ட இணைய இடமும் இப்படித்தான். ஒரு கணனிக்குள் நூற்றுக்கணக்கான இணையத்தளங்கள் குடியிருக்கும். விளம்பரப் பலகை மாட்டுவதற்கு இது தாராளம். இணையத்தளம் என்பதே விளம்பரப் பலகைதானே, ஊர் உலகம் வந்து பார்ப்பதற்காகவே வைக்கிறோம்.

ஆபத்து இரண்டு விதமாக வருகிறது. முதலாவது பக்கத்துக் கடையிலிருந்து. கடைகளுக்கு இடையில் பலகைச் சுவர் இருக்கிறது, நல்ல கம்பனிகள் அதை உறுதியாகத்தான் கட்டுகின்றன. இருந்தும் சேர்வரை நிர்வகிக்கும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தாலோ, எமது கோப்புகளுக்கு எவரும் திறக்கலாம் என்ற அனுமதி தவறுதலாகக் கொடுக்கப்பட்டிருந்தாலோ, ஒரு கடைக்குள் நுழைந்தவன் சுவர் தாண்டி அடுத்த கடைக்கு வரலாம். சுவர் தாண்டாமலேயே சேதம் வருவதும் உண்டு. பல கடைகளுக்கு வீதி இலக்கம் ஒன்று என்பதால், பக்கத்துக்காரன் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் அந்த இலக்கமே கறுப்புப் பட்டியலில் சேரும். பிறகு நீங்கள் ஒழுங்காக அனுப்பும் பில்லும் நிலுவைக் கடிதமும் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழும். அவர் வரவில்லை என்பார், நீங்கள் அனுப்பினேன் என்பீர்கள். இருவரும் சொல்வது உண்மையாக இருக்கும்.

இரண்டாவது ஆபத்து பெரியது. அது எமது கடைக்குள்ளேயே இருக்கிறது. ஒரே கணக்கில் இணையத்தளம், பில் சிஸ்டம், கடை மின்னஞ்சல் மூன்றையும் வைத்தால், சேர்வரின் கண்ணுக்கு அவை மூன்றும் ஒரே ஆளின் சொத்து. இடையில் பலகைச் சுவர்கூடக் கிடையாது. இணையத்தளத்தின் ஓட்டையால் நுழைந்தவன் பில் சிஸ்டத்தின் கோப்புகளையும் வாசிக்கலாம். பில் மென்பொருள் தனது தரவுத்தளத்தைத் திறக்கப் பயன்படுத்தும் கடவுச்சொல் பெரும்பாலும் அந்தக் கோப்புகளில் ஒன்றில் வெறும் எழுத்தாகவே கிடக்கும். மென்பொருள் தானாக இயங்க வேண்டுமென்றால் அது எங்கோ இருக்கத்தான் வேண்டும். இரும்புப் பெட்டியைப் பூட்டி, திறப்பை அதன் மேலேயே வைத்த மாதிரி.

கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதிய இணைப்பு எங்கே வரும்? அதே சேர்வரில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான். ஆக, ஒரு கதவு திறந்தால் மற்றவற்றின் திறப்புகளும் வந்தவன் கையில்.

களவு இல்லாமலும் நிற்கலாம். சந்தா கட்ட மறந்தால் முடக்குவார்கள். இணையத்தளத்துக்கு ஒரே நாளில் கூட்டம் அதிகமாகி, ஒதுக்கப்பட்ட அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். பெருநாளைக்கு விலைக்கழிவு விளம்பரம் போடுகிறீர்கள், இணையத்தளத்தைப் பார்க்க ஆட்கள் குவிகிறார்கள், அதனாலேயே கவுண்டரில் பில் நகர மறுக்கிறது. விளம்பரம் வெற்றி, வியாபாரம் நிற்கிறது!

பெரிய இடங்களிலும் நடந்தவை

இது ஏதோ எமக்கு மாத்திரம் வந்த விதி அல்ல. டபிள்யூ.எச்.எம்.சி.எஸ். என்று ஒரு மென்பொருள் உண்டு. சேர்வர் இடம் வாடகைக்கு விடும் கம்பனிகள் தமது வாடிக்கையாளர்களுக்குப் பில் போடுவதற்கென்றே செய்யப்பட்டது. 2012ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி அந்த மென்பொருளைச் செய்யும் கம்பனியின் சொந்த சேர்வரே பறிபோனது. யூ.ஜி.நாசி என்ற கும்பல் பூட்டை உடைக்கவில்லை. அந்த சேர்வரை வாடகைக்குத் தந்திருந்த ஹோஸ்ட்கேட்டர் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, தாங்கள்தான் கம்பனியின் முதன்மை மென்பொருளாளர் என்று நடித்து, அடையாளம் சரிபார்க்கும் கேள்விகளுக்குச் சரியான பதிலையும் சொல்லி, திறப்பைக் கேட்டு வாங்கினார்கள். சுமார் 5 இலட்சம் வாடிக்கையாளர் பதிவுகள் இணையத்தில் கொட்டப்பட்டன. சேர்வரிலிருந்த கோப்புகள் அழிக்கப்பட்டன. மீட்டபோது கடைசி 17 மணித்தியாலத்தில் வந்த ஓடர்கள் இல்லை. கடனட்டை விபரங்கள் மறைகுறியாக்கி வைக்கப்பட்டிருந்தும் அவையும் ஆபத்தில் இருக்கலாம் என்று அந்தக் கம்பனியே அறிவிக்க வேண்டியதாயிற்று. பில் போடும் கலையையே விற்பவர்களுக்கு இந்த நிலை. அவர்கள் இழந்தது 17 மணித்தியாலம், நான் இழந்தது பதினொரு நாள் என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன்.

எமது நாட்டில் நடந்ததும் ஞாபகமிருக்கும். 2023 ஓகஸ்ட் மாதத்தில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் எனப்படும் அரசாங்கப் பொது சேர்வர் தொகுதியை ரான்சம்வெயார் தாக்கியது. தரவுகளைப் பூட்டி வைத்துக் கப்பம் கேட்கும் வகை இது. ஜி.ஓ.வி. டொட் எல்.கே. என முடியும் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. சேவை விரைவாகத் திரும்பியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. உற்பத்தி நிறுவனமே ஆதரவை நிறுத்திவிட்ட பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்ததும் பின்னர் வெளிவந்தது. பல அலுவலகங்களின் சொத்து ஒரே இடத்தில், ஓட்டையும் ஒரே இடத்தில், பிரதியும் இல்லை. என் கடையின் கதைதான், அளவு பெரிது.

இன்னொன்று. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகிள் டொட் எல்.கே. உட்பட எமது நாட்டின் சில இணைய முகவரிகளைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். கூகிளின் சேர்வருக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை, பெயரைப் பார்த்து வழிகாட்டும் பதிவில்தான் கை வைக்கப்பட்டது. கடைக் கவுண்டரில் பில் போடுவதற்கே இணைய முகவரியை நம்பியிருந்தால், சேர்வர் நலமாக இருக்கும் நாளிலும் கடை நிற்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் எங்கே வைப்பது?

எமது அளவிலான கடைக்கு நான் கண்ட வழி, பில் சிஸ்டத்தைக் கடைக்குள்ளேயே ஒரு தனிக் கணனியில் வைப்பது. அந்தக் கணனியில் பாட்டுக் கேட்பதில்லை, முகநூல் பார்ப்பதில்லை, வந்தவர்களின் பென் டிரைவைச் செருகுவதில்லை. கவுண்டர் கணனிகள் கேபிள் வழியாக அதனோடு பேசுகின்றன. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபை வேறு இணைப்பு. இணையம் அறுந்தாலும் பில் ஓடும். மின்சாரம் போனால் யூ.பி.எஸ். ஒன்று நாளை முடித்துவைக்கும் அளவுக்குத் தாங்கும்.

இணையத்தளத்தில் இருப்பைக் காட்ட வேண்டுமே என்பீர்கள். காட்டுங்கள். ஆனால் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். சாமானின் பெயர், விலை, உண்டு அல்லது இல்லை என்ற இவ்வளவையும் ஒரு பட்டியலாகக் கடைக் கணனியிலிருந்து இரவில் ஒரு தடவை இணையத்தளத்துக்கு ஏற்றினால் போதும். போக்கு ஒரு வழி. இணையத்தளம் கடைக் கணனியைத் தட்டித் திறக்க வழி இருக்கக்கூடாது. வரும் ஓடர்களைப் பையன் பார்த்து பில்லாகப் பதிகிறான். இரண்டு வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். நாளுக்கு அரை மணித்தியாலம் போகிறது. அந்தப் பட்டியலை எவன் திருடினாலும் அவனுக்குக் கிடைப்பது வீதியால் போகிறவர்களுக்கும் தெரிந்த விலைதான். யாருக்கு எவ்வளவு கடன், யாருடைய காசோலை திரும்பியது, யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தோம் என்பதெல்லாம் அவன் கையில் சிக்காது. மொத்த வியாபாரிக்கு உண்மையான இரகசியம் அந்தக் கடைசி விடயம் என்பதை விளக்கத் தேவையில்லை.

கண்டியிலும் குருநாகலிலும் விற்பனைப் பையன்கள் தொலைபேசியிலிருந்தே பில் போட வேண்டிய வியாபாரங்கள் இருக்கின்றன. அவர்களுக்குக் கடைக் கணனி மட்டும் போதாது. அப்போது பில் சிஸ்டத்துக்கென்று தனி சேர்வர் எடுங்கள், அல்லது கணக்கு மென்பொருளையே சேவையாகத் தரும் கம்பனியிடம் போங்கள். எதுவானாலும் இணையத்தளம் இருக்கும் கணக்கில் அல்ல, முடிந்தால் அந்தக் கம்பனியிலும் அல்ல. நிர்வாக மின்னஞ்சல் வேறு, கடவுச்சொல் வேறு, தொலைபேசிக்கு இலக்கம் வந்து உறுதிப்படுத்தும் இரண்டாம் பூட்டும் வேண்டும். இணையத்தளம் செய்பவருக்கு பில் சிஸ்டத்தின் திறப்பு தேவையில்லை. வண்ணம் பூச வந்தவருக்கு யாரும் இரும்புப் பெட்டித் திறப்பைக் கொடுப்பதில்லையே.

அட்டை மூலம் பணம் வாங்குவதாக இருந்தால், வாடிக்கையாளர் தனது அட்டை இலக்கத்தை வங்கியின் பக்கத்தில்தான் பதிய வேண்டும். அது உங்கள் இணையத்தளத்தில் ஒரு விநாடியும் தங்கக்கூடாது. அமெரிக்காவின் டார்கெட் கடைத் தொகுதியில் 2013இல் ஏறத்தாழ 4 கோடி அட்டை விபரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் உள்ளே வந்தது, குளிரூட்டி வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்த நுழைவு விபரத்தால். அந்த வாசலுக்கும் காசாளர் கணனிகளுக்கும் இடையில் போதிய தடுப்பு இருக்கவில்லை. இங்கும் வாடிக்கையாளரின் விபரங்களைக் காப்பது இப்போது வெறும் நல்லெண்ண விடயமல்ல, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது.

கடைக்குள் வைப்பதற்கும் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 2023 ஒக்டோபரில் இரண்டாம் குறுக்குத் தெருத் துணிக்கடை ஒன்றில் பிடித்த தீயை நாம் எல்லோரும் பார்த்தோம். கடையோடு கணனியும் போனால் கணக்கும் போகும். ஆகவே ஒவ்வொரு நாளும் கடை மூடும் முன் ஒரு பிரதி எடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் மாறி மாறிப் பதிகிறோம். ஒன்று வெள்ளவத்தையில் என் மச்சான் வீட்டில் இருக்கும், மற்றது கடையில். கணனியோடு இணைத்தபடியே ஹார்ட் டிஸ்க்கை விட்டுவைப்பது பிரதி அல்ல, ரான்சம்வெயார் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். வற் பதிவுள்ள வியாபாரிகள் வரிப் பட்டியல்களை வருடக்கணக்கில் காட்டத் தயாராக இருக்க வேண்டியிருப்பதால் அவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம்.

பிரதி எடுப்பதைவிட, எடுத்த பிரதி திறக்கிறதா என்று பார்ப்பதுதான் பலர் செய்யாதது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறொரு பழைய கணனியில் அதை மீட்டு, நிலுவைத் தொகை சரியாக வருகிறதா என்று ஒப்பிடுகிறோம். முதல் தடவை செய்தபோது திறக்கவில்லை. ஒரு வருடமாக வெற்றுக் கோப்பைப் பாதுகாத்து வந்திருக்கிறோம்! கடைசியாக, மாதம் ஒரு தடவை நிலுவைப் பட்டியலைக் கடதாசியில் அச்சிட்டு வாப்பாவின் இரும்புப் பெட்டியில் போடுகிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இதை வாசித்துவிட்டு உங்கள் இணையத்தளம் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டால் இவற்றைக் கேளுங்கள். எங்கட பில் சிஸ்டம் எந்தக் கணனியில் இருக்கிறது? இணையத்தளத்தை இன்றைக்கு யாராவது முடக்கினால் நாளை காலை பில் போட முடியுமா? டொமைன் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது, எனதா உனதா? கடைசிப் பிரதி எந்தத் திகதி, அது எங்கே? பதிலை வாயால் கேட்டால் போதாது. பிரதியைக் கொண்டுவந்து உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். சீசன் தொடங்கும் முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கடை மூடும் நேரத்தை ஒட்டிச் செய்தால் வியாபாரமும் கெடாது.